[கலைச்சொல்] ராப்பில் ‘ஃப்ளோ’: நடையா, ஒழுக்கா, சொல்லோட்டமா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்க ராப் பாடகர் ரேக்வானின் ‘ஒன்லி பில்ட் ஃபார் கியூபன் லிங்க்ஸ்’ இசைத்தொகுப்பின் இரண்டாம் பாகம் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை தயாராகிறது. ‘ஃப்ளோ’ என்ற சொல்லுக்கு வந்ததும் வேலை நின்றுவிட்டது. இடம் பார்த்துச் சொல் அமைக்க வேண்டும் என்பதால் விவரம் தருகிறேன்.

1995இல் வந்த முதல் பாகத்துக்கு இசை அமைத்தவர் ரிஸா. அடுத்து 1999இல் வந்த இசைத்தொகுப்பில் அவர் இல்லை. கேட்டவர்களுக்கு அது உடனே தெரிந்தது. 2009 செப்டம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில் ரிஸா, ஜே டில்லா, பீட் ராக், டாக்டர் டிரே, மார்லி மார்ல் எனப் பலருடைய பீட்கள் (ராப்புக்கு அடியில் ஓடும் பின்னணி இசை). டில்லா 2006இலேயே காலமாகிவிட்டார். அவர் விட்டுச்சென்ற பீட்களும் இதில் உள்ளன. இத்தனை பேர் கை பட்டும் தொகுப்பு ஒரே வார்ப்பாக ஒலிக்கிறது என்றால், அதற்குக் காரணம் பீட் அல்ல. ரேக்வான் சொற்களைத் தாளத்தின் மேல் வைக்கும் விதம். அந்த விதத்துக்குத்தான் பெயர் வேண்டும். ‘பழைய ஃபார்முக்கு வந்துவிட்டார்’ என்று எழுதிய விமர்சகர்கள் பாதி இதைத்தான் சொன்னார்கள். (‘ஃபார்ம்’ கிரிக்கெட் வழியே நம் பேச்சில் ஊறிவிட்டது. அதைத் தொட வேண்டியதில்லை.)

இதுவரை கைவசம் இருப்பவை: நடை, ஒழுக்கு, பாய்வு, சொல்லோட்டம்.

மடல் 2

> நடை, ஒழுக்கு

ஒழுக்கு வேண்டாம் ஐயா. மழைக்காலத்தில் கூரைக்குச் சொல்லும் சொல் அது. நடையையும் இதில் செலவழிக்கக் கூடாது. அது வேறு வேலைக்குத் தேவை. ஒரு தட்டை (தாளத்தின் ஓர் அடிப்பை) மும்மூன்றாகப் பிரித்துச் சொல்லும் பாணி ராப்பில் நிறைய உண்டு. அதற்குத் ‘திசிர நடை’ என்ற பெயர் நம் இசையில் அப்படியே இருக்கிறது. நான்காகப் பிரித்தால் சதுசிர நடை. நடை என்பது உட்பிரிவு, முழுமைக்குப் பெயர் அல்ல.

எடுப்பும், அதாவது பாடத் தொடங்கும் இடமும், அப்படித்தான். தட்டோடு தொடங்கினால் சமம், தட்டுக்கு முன்பே தொடங்கினால் அதீதம், தட்டு விழுந்த பின் தொடங்கினால் அனாகதம். ரேக்வானோடு பாடும் கோஸ்ட்ஃபேஸ் கில்லா எங்கே தொடங்குகிறார், ரேக்வான் எங்கே தொடங்குகிறார் என்று எழுத இந்த மூன்று சொற்களே போதும்.

தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களை, அதாவது சந்த வகைகளைச் சொல்கிறது. அவற்றில் முடுகு வண்ணம் அடியின் எல்லையைக் கடந்து ஓடுவது. வாக்கியம் தாளவட்டத்தோடு (ஆங்கிலத்தில் ‘பார்’) முடியாமல் அடுத்த வட்டத்துக்குள் புகுந்து ஓடுவதை ‘முடுகு’ என்றே சொல்லலாம். இதைவிடப் பொருத்தமான சொல்லை நாம் புதிதாக உண்டாக்க முடியாது. ‘வண்ணம்’ என்பதையே முழுமைக்கு வைக்கலாமே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைய வாசகர் நிறம் என்றே படிப்பார்.

ஒரு எச்சரிக்கை: நீண்ட இயைபுகளுக்கு (பல எழுத்துகள் ஒத்தொலிக்கும் ‘ரைம்’) ‘பல்லசை இயைபு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறான கணக்கு. ‘வரி’ என்ற சொல்லில் இரண்டு உயிரொலிகள், ஆனால் யாப்பில் அது ஒரே நிரையசை. ‘நீளியைபு’ என்று வைத்தால் சிக்கல் இல்லை.

மடல் 3

ஒலிப்பதிவுப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். சொல் அங்கேயும் புழங்க வேண்டும்.

நிமிடத்துக்கு 90 தட்டு, வட்டத்துக்கு 4 தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 வட்டங்கள் கொண்ட ஒரு பகுதி சுமார் 42.7 விநாடி. ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் வட்டத்துக்கு 16 இடங்கள். ஓர் இடம் ஏறக்குறைய 167 மில்லி விநாடி. எந்த இடத்தில் ஒலி, எந்த இடத்தில் மௌனம், எதில் அழுத்தம் என்பதுதான் ஃப்ளோ. கட்டம் போட்ட தாளில் 16 கட்டம் வரைந்து எழுதிப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

பதினாறையும் நிரப்பினால் மூச்சுக்கு இடமில்லை. சாதாரணமாக நான்காம் தட்டுக்குப் பின் ஓரிரு இடங்கள் காலியாக விடப்படும். முடுகில் அந்தக் காலியிடம் அடுத்த வட்டத்தின் நடுவுக்கு நகர்ந்துவிடும். துண்டு துண்டாகப் பதியும்போது இங்கேதான் கெடுகிறது: வெட்டு வட்டத்தின் தொடக்கத்தில் விழுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் சொல் நடுவில் அறுபடும், மூச்சொலியும் தவறான இடத்தில் வரும். இரண்டு வட்டம் முன்னாலிருந்தே பாடகரைச் சொல்லவைத்து, மூச்சிடத்தில் பதிவைத் தொடங்கி, 5 முதல் 10 மில்லி விநாடி குறுக்கு இழைப்பு (‘கிராஸ்ஃபேட்’: ஒன்று தேயத் தேய மற்றது எழுவது) கொடுத்தால் ஒட்டு தெரியாது.

இன்னொன்று. கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபர் 512 சாம்பிள் (ஒலியின் மாதிரித் துணுக்கு) என்றால், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே 11.6 மில்லி விநாடி. போக வரச் சேர்த்தால் 23ஐத் தாண்டும். அதாவது ஓர் இடத்தில் ஏழில் ஒரு பங்கு. ஹெட்ஃபோனில் தன் குரலையே தாமதமாகக் கேட்பவர் தடுமாறுவார். பதியும்போது பஃபரை 64 சாம்பிளுக்கு இறக்குங்கள். வேண்டுமென்றே தட்டுக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து சொல்வது கலை; இது கோளாறு. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தகுந்த சொல் வேண்டும். ‘பாய்வு பின்சாய்கிறது’ என்றால் பொருந்தவில்லை. ‘சொல்லோட்டம் பின்சாய்கிறது’ என்றால் கேட்டவுடன் புரிகிறது.

மடல் 4

> சொல்லோட்டம்

மேடைப் பேச்சாளரின் சரளத்தையும் சொல்லோட்டம் என்பார்களே? அங்கே தாளம் இல்லையே?

மடல் 5

உண்மைதான். ஆனால் ராப் பற்றிய கட்டுரையில் தாளம் முதல் வரியிலேயே வந்துவிடும், குழப்பத்துக்கு இடமில்லை. ‘சந்தவோட்டம்’ என்று துல்லியமாக்கலாம், ஆனால் ஒரு பத்தியில் நான்கு முறை வந்தால் நாக்கு இடறும். மின்னோட்டம், இரத்தவோட்டம் வரிசையில் சொல்லோட்டம் இயல்பாக நிற்கிறது. பன்மையும் சுலபம்.

சோதனைக்கு அந்த இரண்டாம் பாகத்தின் ‘ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ்’ பாட்டை எடுத்துக்கொண்டேன். டில்லாவின் ஒரே பீட்டில் ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ், இன்ஸ்பெக்டா டெக், மெதட் மேன் நால்வரும் வருகிறார்கள். கட்டுரையில் இப்படி எழுதினேன்:

“பீட் ஒன்று, சொல்லோட்டம் நான்கு. எடுப்பு மாறும்போதே அடுத்த ஆள் வந்துவிட்டார் என்று காது கண்டுகொள்கிறது.”

‘பார்’ என்பதற்குத் தாளவட்டம், எழுதிய வரிக்கு அடி என்று தனித்தனியே வைத்திருக்கிறேன். முடுகு வரும் இடத்தில் அடியும் வட்டமும் ஒன்றல்ல என்பதால் இரண்டும் தேவை. இவ்வகை ராப்பைக் குறிக்கும் ‘ஹார்ட்கோர்’ என்ற சொல் மட்டும் இன்னும் தமிழாகாமல் அப்படியே கிடக்கிறது. ‘வன்ராப்’ என்றால் வன்முறை மட்டும்தான் தெரிகிறது. விட்டுக்கொடுக்காத இறுக்கம் தெரியவில்லை. யோசனை உள்ளவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.