மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசலில் போட்ட இரும்பு ஆணி: எடை கூடுமா, குறையுமா?

மோல்கணக்கன்: "வேதியியலோ உயிரியலோ, ஒண்ணு போன இடத்துல இன்னொண்ணு உட்காரும், அதனால ஆணி எடை மாறாது"ன்னு மேல ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். 55.8 கிராம் இரும்பு கரைஞ்சா 63.5 கிராம் செம்பு படியும். எடை கூடும்.

இரும்புக்கை: ஏட்டுச் சுரைக்காய். ஆணியை எடுத்து எடை போடுங்க, குறைஞ்சிருக்கும்.

மோல்கணக்கன்: உதிர்ந்த செம்பு பீக்கர் அடியில கிடக்குமே, அதை யார் சேர்க்கிறது? 100 மிலி தண்ணியில 5 கிராம் துத்தப் படிகம் போட்டா 0.02 மோல் (மோல்னா அணு, மூலக்கூறு எண்ணிக்கையை அளக்கிற அலகு). நீலம் முழுசா போற வரைக்கும் விட்டா 1.12 கிராம் இரும்பு கரைஞ்சு 1.27 கிராம் செம்பு வரும். வடிகட்டி, தண்ணியிலயும் அசிட்டோன்லயும் கழுவிக் காய வைக்கணும். ஈரத்தோட சூடு பண்ணினா செம்பு கறுத்துடும், கணக்கும் கெடும்.

இரும்புக்கை: துத்தக் கரைசலே லேசான அமிலம். ஹைட்ரஜன் குமிழி விட்டுக் கரையற இரும்புக்கு ஈடா செம்பு வராது. குறையும்.

மோல்கணக்கன்: அது சொற்பம். நீங்க போட்டது ஜிஐ (துத்தநாகம் பூசின) ஆணியா? அப்போ முதல்ல கரையறது துத்தநாகம். 65.4 கிராம் துத்தநாகம் போய் 63.5 கிராம் செம்பு வரும், அதுல எடை லேசா குறையும். சாதா ஆணியை எமரி பேப்பர்ல தேய்ச்சுப் போடுங்க.

இரும்புக்கை: "குறையும்"னு உங்க வாயாலயே வந்துடுச்சு!

செல்சுவர்: மேல எழுதினவர் உயிரியலை ஏன் இழுத்தார்? கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபின்ல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டும். ஆனாலும் அதை விரட்டலாம். சாதாரணக் காத்துல பாதி இறங்க 4-5 மணி நேரம், சுத்த ஆக்சிஜன் கொடுத்தா ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஆணியில படிஞ்ச செம்பு அப்படித் திரும்பிப் போகுமா?

மோல்கணக்கன்: போகாது. அதையும் இதையும் ஒரே தட்டுல வைக்காதீங்கன்னுதான் நானும் கத்துறேன்.

இரும்புக்கை: பேச்சை மாத்தாதீங்க. ஆணி எடைக்கு வாங்க.

செல்சுவர்: அலுமினியம் ஃபாயிலைத் துத்தத்துல போட்டா ஏன் அசையவே மாட்டேங்குது? அதுதானே இரும்பைவிட வீரியம்?

மோல்கணக்கன்: மேல இருக்கிற ஆக்சைடு படலம் விடாது. ஒரு சிட்டிகை சமையல் உப்பு போடுங்க, குளோரைடு படலத்தை அரிச்சதும் கொதிக்கிற மாதிரி சூடேறும். 54 கிராம் அலுமினியம் போய் 190 கிராம் செம்பு வரும். இதுவும் குறையுமா, இரும்புக்கை?

இரும்புக்கை: நான் கேட்டது ஆணி. ஆணி குறையும்.

மோல்கணக்கன்: வடிகட்டினீங்களா இல்லையா?