யாழ்ப்பாணத்துக்குக் குடிவர யோசிக்கிறோம்: வீடு எந்தப் பக்கம்?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறோம். கைக்குழந்தையோடு யாழ்ப்பாணம் வரப்போகிறோம். வாடகை வீடு எங்கே பார்க்கலாம்?

பதில் 1: வாடகை பேச முதல் கிணற்றைப் பாருங்கோ. குருநகரில் அக்கா வீட்டுக் கிணறு உவர், குடிதண்ணீர் வாங்கித்தான் குடிக்கிறார்கள். நாங்கள் கோண்டாவிலில். தண்ணீர் ருசி, ஆனால் சுண்ணாம்புக்கல் நிலம் என்பதால் கேத்திலில் வெள்ளையாகப் படியும். அது பரவாயில்லை. தோட்டக் காணிக்குப் பக்கத்துக் கிணறு என்றால் நைத்திரேற்று கட்டாயம் சோதியுங்கோ. அது உரத்தில் இருந்து நிலத்தடி நீரில் இறங்குகிறது, கொதிக்க வைத்தாலும் போகாது. நைத்திரேற்று கூடின தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கவே கூடாது.

பதில் 2: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வசதி. சந்தை கிட்ட, பல்கலைக்கழகமும் அங்கேதான், அதனால் வாடகை கொஞ்சம் கூட.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணா. தண்ணீரைச் சோதித்த பிறகே முற்பணம் கொடுப்போம்.