பொருள்: 'விரித்தல்' வேண்டாம், 'சேரிடவினவல்' என்று வைக்கலாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நீண்ட இணைய முகவரிக்குப் பதிலாகத் தரப்படும் குறுந்தொடுப்பு ஒன்று எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதை, உலாவியில் திறக்காமல், கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்திலிருந்தே கண்டறியும் செயலுக்கு 'விரித்தல்' என்ற சொல்லை நம் குழுவின் ஐயா ஒருவர் முன்வைத்திருந்தார். நாவுக்கு எளிய சொல்தான்; ஆயினும் செயலின் இயல்பை அது தவறாகக் காட்டுகிறது என்பது என் கருத்து.

விரித்தல் என்றதும், சுருட்டி வைத்த பாயைப் போல நீண்ட முகவரி குறுகிய முகவரிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்ற எண்ணம் எழும். உண்மையில் அந்த ஆறேழு எழுத்துகளுக்குள் எதுவும் இல்லை. டைனியுஆர்எல், பிட்லி போன்ற குறுக்குச் சேவைகளின் (முகவரியைச் சுருக்கித் தருபவை) வழங்கியில், அதாவது சர்வரில், உள்ள ஓர் அட்டவணைக்கு அவை அடையாளக்குறி மட்டுமே. எனவே வழங்கியைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டால், 'வேறிடம் போ' என்று பொருள்படும் 301, 302 போன்ற நிலைக்குறியீட்டுடன், விடையின் முன்னே வரும் தலைப்புவரிகளில் 'லொகேஷன்' என்பதில் முகவரியைச் சொல்லும். உலாவி உடனே அங்கே போய்விடும். முனையத்திலிருந்து இணைய முகவரிகளைக் கோரும் 'கர்ல்' நிரலோ, தொடரும்படி நாம் தனியே பணித்தாலன்றி, நின்ற இடத்திலேயே நிற்கும். தருமபுரிப் பேருந்து நிலையத்தில், படியில் கால் வைக்காமல் "அரூர் போகுமா?" என்று நடத்துநரிடம் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

சென்ற வாரம் காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர், மானியம் வந்திருப்பதாகச் சொன்ன குறுஞ்செய்தியுடன் என்னிடம் வந்தார். தலைப்புவரிகளை மட்டும் கோரும் 'ஹெட்' கோரிக்கையை அனுப்பும் சிறிய பாஷ் நிரலில் (முனையக் கட்டளைகளின் தொகுப்பு) அந்தத் தொடுப்பைக் கொடுத்தேன். முதல் விடையாக வந்தது இன்னொரு குறுந்தொடுப்பு. அதையும் கேட்டபோது, 'ஏபிகே' என்று முடியும் முகவரி ஒன்று திரையில் வந்தது. நிரல் அத்துடன் நின்றுவிட்டது. அறிந்த குறுக்குச் சேவைகளைத் தவிர வேறு எந்த வழங்கியையும் அது தொடாதபடி எழுதியிருந்தேன். செயலியை நிறுவும் கோப்பு அது என்று விளக்கியதும், அவர் அந்தச் செய்தியை என் முன்னாலேயே அழித்தார்.

குழுவின் அம்மா ஒருவர் பரிந்துரைத்த 'எட்டிப்பார்த்தல்' அழகாக இருக்கிறது. ஆனால் மறுபக்கத்துக்குத் தெரியாமல் பார்ப்பதாக ஒரு பொருள் அதில் ஒட்டியிருக்கிறது. குறுக்குச் சேவைக்கு நம் இணைய இணைப்பின் ஐபி முகவரி தெரிந்துவிடும். சில இடங்களில் சொடுக்காகவும் கணக்கில் ஏறலாம். இந்த உண்மையை மறைக்கும் சொல் பயனரை ஏமாற்றும்.

'சேரிடமறிதல்' என்று முதலில் நானே எழுதிவைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். ஹெட் கோரிக்கையை ஏற்காமல் 405 என்று திருப்பியனுப்பும் வழங்கிகளுக்கு வேறு வழி உண்டு. ஆனால் பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் வழியாக நிகழும் வழிமாற்று (வேறு முகவரிக்கு அனுப்புதல்) தலைப்புவரியில் தெரியவே தெரியாது. கேட்பது நம் கையில் இருக்கிறது, முழுவதும் அறிவது இல்லை. ஆதலால் 'சேரிடவினவல்' என்பதை முன்மொழிகிறேன். தரவுத்தளத் துறையில் 'குவெரி' என்பதற்கு 'வினவல்' முன்பே வழங்குவது குறையாகாது. இங்கும் அட்டவணையில்தானே தேடுகிறார்கள்.

கருவிக்குச் 'சேரிடவினவி' என்று பெயர் வைக்கலாம். 'வழிமாற்று' தமிழ் விக்கிப்பீடியாவில் நிலைபெற்ற சொல்லாதலால் அதை மாற்ற வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக வருபவற்றை 'வழிமாற்றுத் தொடர்' எனலாம். பொத்தானில் 'சேரிடம் வினவு' என்று எழுதிப் பார்த்தேன், இடம் போதுமானதாக இருக்கிறது. 'சேரிட' என்பதை விட 'சேருமிட' என்பதே பேச்சுக்கு நெருக்கம் என்று கருதுவோர் தெரிவித்தால், சொற்களைத் தொகுத்த கோப்பை ஒப்படைக்கும் முன் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து