கண்புரை ஆபரேஷன் முடிவுகளைக் கணக்கெடுப்பது: ஆறாம் வாரம் வராதவர்களை எப்படிச் சேர்ப்பது?

அரூர்_ஆப்டம் (கேள்வி)

வணக்கம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கத்து முகாம்களிலிருந்து வந்து கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் பார்வை எந்த அளவுக்குத் திரும்பியது என்று முறையாகக் கணக்கெடுக்கத் திட்டமிட்டிருக்கிறோம். பெரும்பாலும் எஸ்ஐசிஎஸ் (சிறு வெட்டு போட்டுப் புரையைக் கையாலேயே எடுப்பது), கொஞ்சம் ஃபேக்கோ (அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சுவது). மறுநாள் கட்டுப் பிரிக்கும்போது எல்லோருக்கும் பார்வை குறித்துவிடுகிறோம். சிக்கல் ஆறாம் வாரத்தில்தான். சித்தேரி மலை, வத்தல்மலைக்காரர்கள் பஸ் வசதி பார்த்துத்தான் இறங்கி வருவார்கள். பலர் பிள்ளைகளோடு பெங்களூருக்கோ திருப்பூருக்கோ போய்விடுகிறார்கள்.

முதல் நாள் பார்வையை வைத்தே முடிவை எழுதலாமா? வந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் தப்பா? எத்தனை பேர் போதும்? எஸ்ஐசிஎஸ்ஸையும் ஃபேக்கோவையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்கள், அது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணும்_கண்ணும்

முதல் நாள் பார்வைக்கு மதிப்பு உண்டு. ஆனால் எதற்கு உண்டு, எதற்கு இல்லை என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 2013இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த பிரிகாக் ஆய்வு உங்கள் கேள்வியையேதான் எடுத்துக்கொண்டது. 10 நாடுகள், 40 மையங்கள், 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகள். ஆபரேஷன் முடிந்து மூன்று நாளுக்குள் எடுத்த பார்வையையும், 40 நாளுக்குப் பிறகு தேடிப்பிடித்து எடுத்த பார்வையையும் ஒப்பிட்டார்கள். மருத்துவமனைகளை வரிசைப்படுத்தினால் இரண்டு வரிசையும் பெரும்பாலும் ஒத்துப்போயின. தானாக வந்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட வரிசையும் ஒத்துப்போனது.

இதிலிருந்து பலர் தவறாக எடுத்துக்கொள்வது ஒன்று இருக்கிறது. ஒத்துப்போனது வரிசைதான், சதவீதம் இல்லை. எஸ்ஐசிஎஸ் முடிந்த மறுநாள் கருவிழி வீங்கியிருக்கும், பார்வை குறைவாகத்தான் காட்டும். ஆகவே முதல் நாள் எண்ணை மாதாமாதம் உங்கள் மையத்தை உங்கள் மையத்தோடே ஒப்பிடப் பயன்படுத்துங்கள். "இறுதி முடிவு இத்தனை சதவீதம்" என்று எழுத அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இறுதி முடிவுக்கு என் யோசனை: வந்தவர்களையெல்லாம் அள்ளிப்போடுவதை விட்டுவிட்டு, ஆபரேஷன் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு சிறு கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் ஒருவரையும் விடாமல் தேடிப் போங்கள். பாதிப் பேர் தொலைந்த 600 பேர் பட்டியலைவிட, 9 பேரில் 8 பேரைப் பார்த்துவிட்ட 300 பேர் பட்டியல் நம்பகமானது. வராதவர் நன்றாகத் தெரிகிறது என்பதால் வராமல் இருக்கலாம், தெரியவே இல்லை என்று மனம் விட்டுப்போயும் இருக்கலாம். எது அதிகம் என்று உட்கார்ந்த இடத்தில் ஊகிக்க முடியாது.

எண்ணிக்கை: 80 சதவீதம் நல்ல பார்வை என்று எதிர்பார்த்து, கூடக்குறைய 5 சதவீதத் துல்லியம் வேண்டுமானால் 1.96 × 1.96 × 0.8 × 0.2 ÷ 0.0025, அதாவது 246 பேர். ஐந்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று வைத்தால் 308. ஒருவருக்கு ஒரு கண் மட்டும். ஒரே ஆளின் இரண்டு கண்ணும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இரண்டு தனி ஆட்களாக எண்ணினால் இல்லாத துல்லியம் இருப்பதுபோலத் தெரியும்.

அளவுகோல்: உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வரையறையில், இருக்கிற கண்ணாடியோடு 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது மேல் என்றால் நல்லது, 80 சதவீதமாவது வேண்டும். 6/60க்குக் கீழே என்றால் மோசம், 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சரியான கண்ணாடி போட்டுப் பார்த்தால் நல்லது 90 சதவீதமாவது இருக்க வேண்டும். 2021இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற கண்புரை ஆபரேஷன் இலக்குக்குப் பிறகு 6/12தான் அளவு. இரண்டையும் எழுதுங்கள். சராசரி போடுவதானால் லாக்மாருக்கு (சராசரி எடுக்க வசதியான மடக்கை அளவுக்கு) மாற்றிப் போடுங்கள் (6/60 என்றால் 1.0, 6/18 என்றால் 0.48, 6/12 என்றால் 0.3). விரல் எண்ணுதல், கையசைவு மட்டும் தெரிபவர்களைச் சராசரிக்குள் திணிக்க வேண்டாம், தனிப்பிரிவாகக் காட்டுங்கள்.

டனல்_6மிமீ

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். எஸ்ஐசிஎஸ், ஃபேக்கோ ஒப்பீட்டுப் பத்தியை மட்டும் எழுத வேண்டாம். பழுப்பேறிக் கல்லாகிப்போன புரை, பாப்பா (கண்மணி) சரியாக விரியாத கண், ஜோன்யூல் (லென்ஸைத் தாங்கும் நார்) தளர்ந்த கண் எல்லாம் எஸ்ஐசிஎஸ் மேஜைக்குத்தான் போகும். மென்மையான புரை ஃபேக்கோவுக்குப் போகும். அப்புறம் ஃபேக்கோ நன்றாக இருக்கிறது என்று வந்தால் அது ஆபரேஷனின் குணமா, கண்ணின் குணமா? குலுக்கல் முறையில் பிரித்தால்தான் தெரியும். அப்படிச் செய்த ஆய்வுகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. புனேயில் 400 கண்களில் செய்து 2005இல் வெளியான ஆய்வில், ஆறாம் வாரம் கண்ணாடி இல்லாமல் 6/18 எட்டியவர்கள் ஃபேக்கோவில் 81 சதவீதம், எஸ்ஐசிஎஸ்ஸில் 71. நேபாளத்தில் முற்றிய புரை உள்ள 108 பேரிடம் செய்து 2007இல் வந்ததில், ஆறு மாதத்தில் 85க்கு 89 என்று எஸ்ஐசிஎஸ் பக்கம் நின்றது, நேரமும் குறைவு. இரண்டும் சரியான ஆய்வுகளே. கண் வேறு, கை வேறு.

உங்கள் படிவத்தில் கட்டாயம் இருக்க வேண்டியது "ஏன்" என்ற கட்டம். 6/60க்குக் கீழே நிற்கும் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே ஒரு முதன்மைக் காரணம் எழுதுங்கள். தேர்வு: முன்பே விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டிருந்த கண். ஆபரேஷன்: லென்ஸின் பின் உறை கிழிந்தது, விட்ரியஸ் (கண்ணுக்குள் இருக்கும் கூழ்) வெளிவந்தது, கருவிழி தெளியவில்லை. கண்ணாடி: பின்ஹோல் (சிறு துளை) வழியே பார்த்தால் பார்வை ஏறுகிறது. பின்விளைவு: பின் உறை மங்கியது, மாக்குலா (விழித்திரையின் மையம்) வீங்கியது. நான்குக்கும் மருந்து வேறுவேறு. தேர்வுப் பிழைதான் அதிகம் என்றால் சர்ஜனைக் குறைசொல்லிப் பயனில்லை. முகாமிலேயே டார்ச் அடித்து ஆர்ஏபிடி (பார்வை நரம்புக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் பாப்பாவின் மாறுபட்ட அசைவு) பார்க்கிறார்களா, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேட்கிறார்களா என்பதைப் பார்க்க வேண்டும்.

மாக்குலா வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது நான்காம் வாரத்திலிருந்துதான் தலைகாட்டும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஆறு வேளை, ஐந்து வேளை என்று வாரம் ஒன்றாகக் குறைத்து ஆறு வாரம் போடச் சொல்லியிருப்போம். முதல் பாட்டில் தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. "எத்தனை பாட்டில் வாங்கினீர்கள், இரண்டாவது பாட்டில் எங்கே வாங்கினீர்கள்" என்று கேட்டால் உண்மை தெரியும். "மருந்து ஒழுங்காகப் போட்டீர்களா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள்.

அரூர்_ஆப்டம்

மிக்க நன்றி டாக்டர், நன்றி சார். ஒரு துணைக்கேள்வி. பின்ஹோலில் ஏறுகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம், அதிலும் மைனஸ் பவர். ஏ-ஸ்கேன் (கண்ணின் நீளத்தை ஒலியால் அளக்கும் கருவி) தொட்டுப் பார்க்கும் வகை. லென்ஸ் டப்பாவில் போட்டிருக்கும் ஏ-கான்ஸ்டன்ட்டை (பவர் கணக்கில் அந்த லென்ஸுக்காகச் சேர்க்கும் எண்ணை) மாற்றினால் சரியாகிவிடுமா?

அச்சுநீளம்

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் கையை நம்பலாமா என்று பாருங்கள்.

தொட்டுப் பார்க்கும் ஏ-ஸ்கேனில் புரோப் கருவிழியை அமுக்கும். கண் உள்ளதைவிடக் குட்டையாகத் தெரியும். குட்டைக் கண்ணுக்கு அதிகப் பவர் லென்ஸ் வரும். வைத்தபின் மைனஸ். சராசரிக் கண்ணில் 1 மி.மீ. பிழை கண்ணாடியில் ஏறக்குறைய 2.5 டயாப்டர், குட்டைக் கண்ணில் இன்னும் கூடும். 0.2 மி.மீ. அமுக்கினாலே அரை டயாப்டர் போய்விடும். அமுக்கினீர்களா என்பதை ஆன்டீரியர் சேம்பர் (கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடைப்பட்ட அறை) ஆழம் காட்டிக்கொடுக்கும். பத்து ரீடிங்கில் நீளம் குறையும் ரீடிங்குகளில் ஆழமும் சேர்ந்து குறைந்தால் அது கை செய்த வேலை. அந்த ரீடிங்குகளை அழித்துவிடுங்கள். இருப்பதிலேயே ஆழம் அதிகமாக உள்ளவையே உண்மைக்கு அருகில்.

திரையில் எழும் ஸ்பைக்குகளையும் (எதிரொலிக் கூர்முனைகளையும்) பாருங்கள். விழித்திரை ஸ்பைக் செங்குத்தாக எழ வேண்டும், படிக்கட்டுபோல் சாய்ந்து ஏறக்கூடாது. அதன்பின் ஸ்கிளீரா (கண்ணின் வெள்ளைச் சுவர்), கொழுப்பு ஸ்பைக்குகள் வரிசையாகத் தேய்ந்து வர வேண்டும். அவை இல்லாமல் வெறுமையாக இருந்தால் கதிர் பார்வை நரம்பின் மேல் விழுந்திருக்கிறது. இரண்டு கண்ணுக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொருவரை விட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். கெரட்டோமீட்டர் (கருவிழி வளைவை, அதாவது கே-யை அளப்பது) எப்போதும் ஏ-ஸ்கேனுக்கு முன்னால். மரப்புச் சொட்டு விட்டு, புரோப் தொட்ட கருவிழியில் கே எடுத்தால் வளையம் கலைந்திருக்கும். கே 1 டயாப்டர் தவறினால் முடிவும் ஏறக்குறைய 1 டயாப்டர் தவறும். இம்மெர்ஷன் ஷெல் (புரோப் கருவிழியைத் தொடாமல் திரவம் வழியே அளக்க உதவும் கிண்ணம்) வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். முற்றிய புரையில் ஆப்டிகல் பயோமெட்ரி (ஒளியால் அளப்பது) பல நேரம் அளக்காது, நம் முகாம்களில் அந்தக் கண்தான் அதிகம்.

இனிக் கணக்கு. ஆறாம் வார ரிஃப்ராக்‌ஷனில் ஸ்ஃபியரோடு (கண்ணாடிப் பவரின் அடிப்படை எண்ணோடு) சிலிண்டரில் (கருவிழி சமமற்று வளைந்ததற்கான எண்ணில்) பாதியைக் கூட்டுங்கள், அதிலிருந்து ஃபார்முலா கணித்த பவரைக் கழியுங்கள். இதுதான் கணிப்புப் பிழை. குறியோடு சராசரி எடுத்தால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். சராசரி மைனஸில் நின்று, தனித்தனி எண்கள் அதைச் சுற்றி நெருக்கமாக இருந்தால் கான்ஸ்டன்ட் அல்லது எல்லோர் கையிலும் ஒரே அளவு அமுக்கம். அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடந்தால் அளவெடுப்பில் கோளாறு. கான்ஸ்டன்ட்டை எத்தனை மாற்றினாலும் சிதறல் குறையாது. பிரிட்டனில் 2009இல் வைத்த அளவு: ±0.5 டயாப்டருக்குள் 55 சதவீதம், ±1.0க்குள் 85 சதவீதம். முகாம் சூழலில் அதை ஒரு திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

கை சரியான பிறகும் சாய்வு இருந்தால் மட்டும் கான்ஸ்டன்ட்டைத் தொடுங்கள். ஏ-கான்ஸ்டன்ட் 1 குறைந்தால் லென்ஸ் பவர் 1 டயாப்டர் குறையும், கண்ணாடியில் அது ஏறக்குறைய 0.7. ஒவ்வொரு லென்ஸ் மாடலுக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி. பின் உறை கிழிந்து சல்கஸில் (உறைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில்) லென்ஸ் வைத்த கண்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது, லென்ஸ் முன்னால் உட்கார்வதால் அவை எப்படியும் மைனஸ் பக்கம்தான் போகும்.

சிலிண்டரையும் தனியே பாருங்கள். மேல்பக்க டனல் (எஸ்ஐசிஎஸ் வெட்டு) செங்குத்துத் திசையில் கருவிழியைத் தட்டையாக்கும், அகெயின்ஸ்ட்-தி-ரூல் (கிடைத்திசையில் வளைவு கூடிய) சிலிண்டர் ஏறும். வயதானவர்களுக்கு முன்பே அந்தப் பக்கம்தான் இருக்கும். அப்படிப்பட்ட கண்ணில் டெம்போரல் (நெற்றிப்பொட்டுப் பக்க) டனல் போட்டாலே கண்ணாடி இல்லாத பார்வை கூடும். இதற்குப் புது மெஷின் எதுவும் வேண்டாம்.

தளி_களப்பணி

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது பற்றி. முகாம் அட்டையில் இருக்கும் போன் நம்பர் பாதி நேரம் கூட்டிவந்தவருடையது. முதல் நாளே மூன்று நம்பர் வாங்குங்கள்: வீட்டில் இருப்பவர், வெளியூரில் இருக்கும் பிள்ளை, தெருவில் ஒருவர். வாங்கிய இடத்திலேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகும் அந்தத் தன்னார்வலர் அம்மாக்களுக்குத் தெரியாத வீடு இல்லை. பெயரை அவர்களிடம் சொல்லலாமா என்று நோயாளியிடம் முதலிலேயே சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். மாங்காய் சீசனில் பகலில் தோப்பில் இருப்பார்கள், காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.

கையில் ஈ அட்டை (E எழுத்தின் திசையைச் சொல்ல வைப்பது), பின்ஹோல், டார்ச், முடிச்சுப் போட்ட 6 மீட்டர் கயிறு. நோயாளி நிழலில், அட்டை வெளிச்சத்தில். சூரியன் அவர் கண்ணுக்கு நேரே இருக்கக்கூடாது. ஈயை ஐந்து முறை திருப்பி நான்கு சரியாகச் சொன்னால் அந்த வரி தெரிகிறது என்று கொள்ளலாம். மற்றக் கண்ணை விரலால் பொத்தச் சொன்னால் இடுக்கு வழியே பார்ப்பார்கள், உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். அழுத்தக்கூடாது. கண்ணாடி கொடுத்திருந்தால் கேளுங்கள். டப்பாவோடு பெட்டியில் இருக்கும். போட்டும் போடாமலும் இரண்டையும் எழுதுங்கள்.

சம்மதப் படிவம் தமிழில் மட்டும் இருந்தால் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் போதாது. தெலுங்கு, கன்னடத்திலும் வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வுக்குழுவில் இல்லாத ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உள் தணிக்கைதானே என்று நினைத்தாலும் தொடங்கும் முன் எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதிவிடுங்கள், விலக்கு உண்டா என்று முடிவெடுப்பது அவர்கள். பின்னாளில் குலுக்கல் ஆய்வாக மாற்றினால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு முடிந்திருக்க வேண்டும், 2018 ஏப்ரலிலிருந்து அதுதான் விதி.

டனல்_6மிமீ

ஒன்று விட்டுப்போயிற்று. 300 கண்ணில் ஒரு எண்டாப்தல்மைட்டிஸ்கூட (கண்ணுக்குள் தொற்று) வரவில்லை என்றால் "தொற்று விகிதம் பூஜ்யம்" என்று எழுதிவிடாதீர்கள். 300இல் பூஜ்யம் வந்தால், உண்மை விகிதம் 1 சதவீதம் வரை இருக்க இடமுண்டு என்றுதான் பொருள் (3ஐ 300ஆல் வகுங்கள்). அரவிந்த் கண் மருத்துவமனைகளில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்சசின் (ஆன்டிபயாடிக்) செலுத்தியதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது விகிதம் 0.07லிருந்து 0.02 சதவீதமாக இறங்கியது. அந்த வித்தியாசம் தெரிய 6 லட்சம் ஆபரேஷன் தேவைப்பட்டது.

300 பேர் ஆய்வு அதற்கு உதவாது, பதிவேடு உதவும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எதிரே ரிங்கர் லாக்டேட், விஸ்கோ (கண்ணுக்குள் விடும் ஜெல்), ட்ரைபன் புளூ (உறைக்குப் போடும் சாயம்), லென்ஸ் இவற்றின் பேட்ச் நம்பர், மேஜை எண், ஆட்டோகிளேவ் சுற்று எண் எழுதிவையுங்கள். 5 சதவீத பொவிடோன் அயோடினைக் கண்ணில் விட்டு மூன்று நிமிடம் விட்டார்களா என்பதையும் குறியுங்கள். மறுநாள் காலை ஒரே மேஜையில் மூன்று பேருக்குக் கருவிழி ஓரத்திலிருந்து ஓரம் வரை வீங்கி, வலி இல்லாமல் இருந்தால் அது பெரும்பாலும் டாஸ், அதாவது உள்ளே போன ஏதோ ஒரு பொருளின் நஞ்சு. இரண்டு மூன்று நாள் கழித்து வலியோடு வந்து விட்ரியஸ் கலங்கியிருந்தால் தொற்று. எதுவானாலும் அன்றைய மற்ற நோயாளிகளை அன்றே திரும்ப அழைக்க வேண்டும். எந்த பேட்ச் யாருக்குப் போனது என்று எழுதிவைக்காவிட்டால் யாரை முதலில் அழைப்பது என்றே தெரியாது. தளி நண்பர் சொன்ன அந்த மூன்று போன் நம்பரும் அன்றைக்குத்தான் கைகொடுக்கும்.