மோடத்துக்குப் பின்னால் சொந்த ரவுட்டர்: வைஃபை வருது, நெட் வரலை

கேள்வி: ஃபைபர் மோடத்தின் லேன் (வீட்டுச் சாதனங்களுக்கான) போர்ட்டிலிருந்து என் ரவுட்டரின் வேன் (நெட் உள்ளே வரும்) போர்ட்டுக்குக் கேபிள் போட்டாச்சு. ரெண்டுக்குமே முகவரி 192.168.1.1. என்ன செய்யலாம்?

பதில் 1: முகவரி மோதல்தாங்க. வேன் கேபிளைக் கழற்றிட்டு, ரவுட்டரின் லேன் ஐபியை 192.168.50.1 ஆக்குங்க. வேன் வகை டிஹெச்சிபி (மோடமே ரவுட்டருக்கு முகவரி கொடுக்கும் முறை). அப்புறம் கேபிளைச் செருகுங்க. உள்ளேயும் வெளியேயும் ஒரே நெட்வொர்க்னா பாக்கெட்டை (டேட்டா துண்டை) எந்தப் பக்கம் அனுப்பறதுன்னே ரவுட்டருக்குத் தெரியாது.

பதில் 2: நெட் வந்துடும், ஆனா இரட்டை நாட், அதாவது மோடம், ரவுட்டர் ரெண்டுமே முகவரியை மாத்தும், வெளியிலிருந்து உள்ளே வர்றது சிக்கல். சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்கணும்னா பிரிட்ஜ் மோட்தான் (மோடம் வெறும் பாலமா நிக்கும், நெட் லாகினை ரவுட்டரே செய்யும்) சரி. மாத்துறதுக்கு முன்னாடி பிபிபிஓஇ (நெட் கம்பெனியில லாகின் ஆகும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (கம்பெனி நெட் டிராஃபிக்குக்கு வைக்கும் அடையாள எண்) மூணையும் எழுதி வெச்சுக்கோங்க. பாஸ்வேர்டு மோடத்துல வெறும் புள்ளியாத்தான் தெரியும், கம்பெனியில கேட்டு வாங்கணும். விலேன் டேக்கை (அந்த எண்ணை) மோடமே போட்டா ரவுட்டர்லயும் போடாதீங்க, லாகின் ஆகாது. ரவுட்டர்ல எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) 1492.

பதில் 3: அவசரப்பட்டு பிரிட்ஜ் போடாதீங்க. முதல்ல மோடத்தோட வேன் ஐபியைப் பாருங்க. 100.64-க்கும் 100.127-க்கும் நடுவுல இருந்தா அது சிஜிநாட் (கம்பெனி ஒரே பப்ளிக் ஐபியைப் பல பேருக்குப் பகிர்றது), பிரிட்ஜ் போட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர்ற வழி (போர்ட்) திறக்காது. தனி பப்ளிக் ஐபி கேட்கணும். மாடியில வைஃபை எட்டினா போதும்னா, ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோட்ல (வைஃபை மட்டும் பரப்பும்) விடுங்க, வேலை முடிஞ்சது.