புதுப்பிப்பு: ஐரேசிங்கில் முதல் சுற்று மோதல் – சரியாகிவிட்டது

ஐரேசிங் என்ற இணையக் கார் பந்தய விளையாட்டில், மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் பந்தயங்களில் முதல் சுற்றிலேயே மோதல், பாதுகாப்பு மதிப்பீடு (தவறில்லாமல் ஓட்டினால் ஏறும் மதிப்பெண்) 1.6-க்கு இறங்கிவிட்டது, என்ன செய்வது என்று மூன்று வாரம் முன்பு இங்கே கேட்டிருந்தேன். இப்போது 2.7. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "தகுதிச் சுற்று ஓட்டாதே, கடைசியில் இருந்து கிளம்பு, பிரேக்கை முன்னாடியே பிடி" என்ற யோசனைதான். லகுனா செகா பந்தயத் தடத்தின் இரண்டாம் திருப்பத்தில் வழக்கத்தைவிட இரண்டு கார் நீளம் முன்பே பிரேக் பிடித்தேன். முன்னால் மூன்று கார்கள் உரசிச் சுழன்றன. நான் உள்பக்கமாக மெல்லக் கடந்துபோனேன். பதினான்காவதாகக் கிளம்பி ஆறாவதாக முடித்தேன்!

எதிர்பாராதது ஒன்று: ரீப்ளே பார்த்தால், மதிப்பீட்டைக் குறைக்கும் என் தவறுப் புள்ளிகளில் பாதிக்கு மேல் மோதலால் வந்தவையே அல்ல. தடத்தை விட்டு வெளியே போனால் 1, சுழன்றால் 2, பலமாக மோதினால் 4. மோதலில் தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை, இருவருக்கும் விழும். எத்தனை திருப்பங்களைக் கடந்தோம், அதில் எத்தனை தவறுப் புள்ளிகள் என்பதை வைத்தே மதிப்பீட்டுக் கணக்கு என்பதால், கார் அடிபட்டாலும் பந்தயத்தை முடித்துவிடுங்கள்.

அப்புறம், ஒரு தடவை நானே ஒருவரைப் பின்னால் இடித்துவிட்டேன். ஓரமாக ஒதுங்கி, அவர் திரும்பி முன்னால் போகும்வரை காத்திருந்தேன். பந்தயம் முடிந்ததும் மைக்கில் வந்து நன்றி சொன்னார்.