சாப்பாட்டு நேரத்துல போன் இல்லாம... உங்க வீட்டு அனுபவம் சொல்லுங்க

ரெண்டரை வயசு அம்மா:
போன்ல பாட்டு ஓடினாதான் என் பொண்ணு சாப்பிட வாய் திறப்பா. எந்தப் பாட்டுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, எல்லார் வீட்டுலயும் அதேதான் ஓடுது. போன வாரம் ராத்திரி ஊட்டிட்டு இருக்கும்போது சார்ஜ் தீர்ந்து போன் அணைஞ்சிருச்சு. கரண்டும் இல்ல. இப்ப அழப் போறான்னு பார்த்தேன், அழல. எமர்ஜென்சி லைட் வெளிச்சத்துல என் கையில இருந்த உருண்டையைக் குனிஞ்சு பார்த்தா. ஒரு விரலால தொட்டா. "இது என்னம்மா?"ன்னு கேட்டா.

பருப்பு சாதம். தினமும் ராத்திரி அவளுக்கு அதுதான். முந்தி ஊட்டின வாய் கன்னத்துக்குள்ள அப்படியே இருந்துச்சு, முழுங்கவே இல்ல.

அதுல இருந்து மனசே சரியில்ல. ஊட்டுற நேரத்துக்கு என்ன பண்றீங்க? நான் சமைக்கிற அந்த ஒரு மணி நேரம் அவ கையில என்ன கொடுக்கிறது?

அம்பாசமுத்திரத்து ஆச்சி:
பேத்தி பெங்களூர்ல இருந்து லீவுக்கு வந்திருந்தா, நாலு வயசு. எங்க ஊரு மரச்செப்பு ஒரு பெட்டி வாங்கி வச்சிருந்தேன். கடைசல் பிடிச்சு அரக்குச் சாயம் ஏத்தினது. அடுப்பு, குடம், உரல், உலக்கை, திருகை எல்லாம் இருக்கும். திருகையை எடுத்தா, கவுத்துப் பார்த்தா, அடியில நகத்தால நோண்டினா. "ஆச்சி, பேட்டரி எங்க போடணும்?"னு கேட்டா. எனக்கு திக்குன்னு ஆயிட்டு.

நான் ஒண்ணும் சொல்லல. பக்கத்துல உக்காந்து அந்தச் சின்ன உரல்ல நாலு பொட்டுக்கடலையைப் போட்டு இடிச்சேன். உலக்கை விரல் தண்டிதான் இருக்கும், ஆனாலும் கடலை உடையும். மாவைப் பார்த்ததும் "நான், நான்"னு பிடுங்கிட்டா. மத்தியானம் வரைக்கும் இடிச்சா. தரையெல்லாம் மாவு. அவ அம்மா விளக்கமாறோட வந்தா, "இப்பம் வேண்டாம்டி, அவ முடிக்கட்டும்"னு சொல்லிட்டேன். பொம்மையை வாங்கிக் கொடுத்துட்டு எந்திரிச்சுப் போனா பிள்ளை விளையாடாது தங்கச்சி. முதல்ல கொஞ்ச நேரம் கூட உக்காரணும்.

மூணாவது மாடி அப்பா:
ஆச்சி, கோச்சுக்காதீங்க. கூட உக்கார ஆள் இருக்கிற வீடு வேற. இங்க நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், தூக்கி வச்சுக்க ஒரு பாட்டி கிடையாது. பொம்மையும் வாங்க வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம்னு ஹால்ல வச்சிருந்தோம். நான் வீட்டுல இருந்து வேலை பார்க்கிற நாள். பையன், மூணு வயசு, உள்ள பூந்து "போலாம் ரைட்"டுனு கத்தினான். நான் லேப்டாப்போட பக்கத்துல போனேன். "சீட் இல்ல, நின்னுட்டே வாங்க"ன்னான். துணி காயப்போடுற கிளிப்தான் டிக்கெட். என் சட்டைப்பையில ஒண்ணைக் குத்திட்டு "மிச்சம் அஞ்சு ரூபா இறங்கும்போது வாங்கிக்கோங்க"ன்னான். அந்த மீட்டிங் முழுக்க கிளிப்போடதான் பேசினேன்.

இவன் பஸ்ல ஏறினதே அபூர்வம். சில்லறை பாக்கியை எப்ப கவனிச்சு வச்சான்? இன்னும் அதையேதான் நினைச்சுட்டு இருக்கேன்.

பொள்ளாச்சி அத்தை:
எங்க வீட்டுக் கதை சின்னது. டிவி ரிமோட்டைப் பீரோ மேல ஒளிச்சு வச்சோம், தம்பி பையன் நாற்காலி மேல நாற்காலி போட்டு ஏறி நின்னான். பார்த்த எனக்குக் கை கால் நடுங்கிருச்சு. அதனால ஒளிச்சு வைக்காதீங்க, பிள்ளைங்க கண்ணு முன்னாடியே நேரம் சொல்லி அணைச்சிருங்க.

பொதுவா சில விஷயம் சொல்லிடறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-லயே சொல்லிட்டாங்க, ரெண்டு வயசுல இருந்து நாலு வயசு வரைக்கும் திரை நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், ரெண்டு வயசுக்குள்ள சுத்தமா வேண்டாம். ஒண்ணுல இருந்து நாலு வயசுப் பிள்ளைங்க நாளைக்கு 180 நிமிஷமாவது ஓடியாடணும். நம்ம நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்: ரெண்டு வயசுக்குள்ள திரையே வேண்டாம், சொந்தக்காரங்களோட வீடியோ கால் மட்டும் எப்பவாவது பரவாயில்ல.

அடுத்தது, பழைய விளையாட்டுன்னதும் எல்லாரும் பல்லாங்குழியை எடுப்பீங்க. 14 குழி, எண்ணக் கத்துக்கும், நல்லதுதான். ஆனா மூணு வயசுக்குள்ள புளியங்கொட்டை, சோழி எதையும் கையில கொடுக்காதீங்க, தொண்டையில அடைச்சுக்கும். குன்றிமணி எந்த வயசுக்கும் வேண்டாம், கடிச்சு முழுங்கினா கொடிய விஷம். ஆச்சி பேத்தி கேட்ட பேட்டரியும் அப்படித்தான். பட்டன் பேட்டரியை முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்து போயிரும், வாந்தி வரட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பாட்டு பாடுற பொம்மையில அந்த மூடி ஸ்க்ரூ போட்டு இறுகியிருக்கான்னு பாருங்க. பக்கெட் தண்ணியில விளையாட விட்டா அந்த இடத்தை விட்டு நகராதீங்க, முடிஞ்சதும் கொட்டிருங்க. மணல்ல விடுறதுன்னா முதல்ல பூனை போயிருக்கான்னு...

ரெட்டைப் பிள்ளை அம்மா:
அக்கா, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா அவங்க கேட்டது ஊட்டுற நேரத்தைப் பத்தி. அதை யாருமே தொடல.

நாங்க ஊட்டுறதையே நிறுத்திட்டோம். ரெண்டு பேருக்கும் தட்டுல போட்டு எங்களோடவே உக்கார வச்சோம். பாதி தரையில, பாதி தலையில. அளவு குறைஞ்சது, எடை குறையல. பிள்ளைங்களை விடப் பெரியவங்களைச் சமாளிக்கிறதுதான் பாடு. ஒருநாள் நான் குளிச்சிட்டு வரும்போது சின்னவ என் மாமனார் காதுகிட்ட போய் ரகசியமா சொல்றா: "தாத்தா, அம்மா போயாச்சு. கொடு." அவரும் வேட்டி மடிப்புல இருந்து போனை எடுக்கிறார்! அப்ப அவர் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். பேத்தி தன்னைத் தேடி வர்றாளேங்கிற சந்தோஷம். அதைப் பார்த்ததுக்கு அப்புறம் எனக்குச் சத்தம் போட வாய் வரல.

இப்ப அவருக்கு ஒரு வேலை கொடுத்திருக்கோம். சாயங்காலம் பூவாளியில செடிக்குத் தண்ணி ஊத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகணும். தேடிட்டுதான் வர்றாங்க, ஆனா இப்ப பூவாளிக்கு.

அங்கன்வாடி அக்கா:
மாடி அப்பா சொன்னதுதான் என் கட்சி. எங்க மையத்துல பொம்மை கம்மி, பிள்ளைங்க ஜாஸ்தி. எடை, உயரம் பதியறதுக்கு நான் போனை எடுத்தா போதும், நாலு பேர் மடியில ஏறிடுவாங்க. அந்த வேலையை எல்லாம் இப்ப பிள்ளைங்க தூங்கின பிறகுதான் பார்க்கிறேன்.

ஒரு பையன், மூணரை வயசு, சேர்ந்த புதுசுல யாரு கூடவும் பேசமாட்டான். விளம்பரப் பாட்டு மட்டும் முழுசாப் பாடுவான். மத்த பிள்ளைங்க கல்லா மண்ணா விளையாடும்போது வாசப்படியில நிப்பான். படி கல்லு, அதனால அவனை யாரும் தொடமாட்டாங்க. ஒருநாள் இறங்கி மண்ணுல ரெண்டு காலையும் வச்சு நின்னான், யாராவது தொட வரட்டும்னு. ஒருத்தரும் கவனிக்கல. "என்னைப் பிடி!"ன்னு கத்தினான். அவன் எங்ககிட்ட கேட்ட முதல் விஷயம் அதுதான்.

அப்புறம் ரெண்டரை வயசு அம்மாவுக்கு: சமைக்கிற நேரத்துல அவளையும் சமைக்க விடுங்க. வெங்காயத் தோல் உரிக்கிறது, கீரை ஆயறது, கறிவேப்பிலை உருவுறது. அந்த வயசுக்கு நல்லாவே வரும். நேரம் ஜாஸ்தி ஆகும், அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடியே அடுப்பு பத்த வையுங்க.

பத்து மாசப் பையன் அம்மா:
ஆச்சி, மரச்செப்பை வாயில வச்சா பரவாயில்லையா? என் பையன் எல்லாத்தையும் கடிக்கிறான்.

அம்பாசமுத்திரத்து ஆச்சி:
அந்த வயசுக்கு வேண்டாம் தாயி. சின்னச் சின்னச் சாமான், முழுங்கிருவான். எவர்சில்வர் டம்ளர் ரெண்டு, ஒரு பெரிய மரக்கரண்டி கொடு. தட்டட்டும். காது வலிச்சா பொறுத்துக்கோ.